தூரத்தை அருகழைக்கும் பழைய வில்லைகள்

தூரத்திலுள்ள பொருளை அருகில் வைத்துக் காணவேண்டுமென்னும் அவா மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. கோபுரத்தின் மேனிலைகளில் நிற்கும் சுதைச் சிற்பங்களைத் தலைநிமிர்ந்து பார்ப்போர் பலர். அவற்றின் முகபாவத்தைக் கண்டறிந்தோர் மிகச் சிலர். தேர்த் திருவிழாவிலே வடம் பிடிக்கும் முதியவர் ஒருவரின் முகத்தைக் கூட்டத்துக்கு அப்பால் நின்று படமாக்க விரும்பும் மாணவனுக்கும் இதே இடர்ப்பாடுதான். படமென்னவோ விழுகின்றது, ஆனால் முதியவர் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டவேண்டியிருக்கின்றது.

இதிலே கணக்கு ஒன்று உண்டு. இருபது மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒருவரின் உயரம் 1.7 மீற்றர் என வைத்துக்கொள்வோம். 35 மில்லிமீற்றர் கமெராவுக்கு வழக்கமாக அமைந்த 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை, அவரை ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் உயரமுள்ள உருவமாகவே பதிக்கும். குவியத்தூரம் 135 மில்லிமீற்றராயின் உருவம் பதினொன்றரை மில்லிமீற்றராகும். 300 மில்லிமீற்றராயின் இருபத்தைந்தரை மில்லிமீற்றர். படச்சட்டத்தின் குறுக்களவு 24 மில்லிமீற்றரே ஆதலால், கமெராவை நெடுக்காகத் திருப்பாவிட்டால் அம்மனிதர் தலையையோ காலையோ இழக்கவேண்டிவரும். குவியத்தூரம் எத்தனை மடங்கு கூடுகின்றதோ உருவமும் அத்தனை மடங்கு பெருக்கும் என்பதே இதன் சாரம்.

இத்தகைய நீண்ட வில்லைகளைப் புதிதாக வாங்கப் புகுந்தால், கடைக்காரர் சொல்லும் விலை நடுத்தரக் குடும்பமொன்றின் பல மாதச் செலவை நினைவூட்டும். ஆயின் நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வில்லைகள் உலகச் சந்தைகளில் இன்றும் மலிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் 135 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைப் பெரும்பாலும் ஐம்பது யூரோவுக்குக் குறைவாகவே வாங்கிவிடலாம். அஞ்சற் கட்டணமும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் தொகை ஏறும் என்பது மெய்தான். ஏறியபோதும் புதியதன் விலைக்கு அது அருகிலும் வராது. இவற்றைத் தேடித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டு மகிழ்வோர் உலகெங்கும் பெருகி வருகின்றனர். தபால்தலை சேர்ப்பதுபோல் இதுவும் ஒரு பொழுதுபோக்குத்தான் என்று தள்ளிவிட முடியாது. தபால்தலை ஆல்பத்தில் உறங்கும். வில்லையோ வேலை செய்யும்.

ரெலிபோட்டோ என ஆங்கிலத்தார் வழங்கும் தொலைநோக்கு வில்லைக்கும், வெறுமனே நீண்ட குவியத்தூரமுள்ள வில்லைக்கும் வேறுபாடு உண்டு. குவிவு வில்லை ஒன்றினால் 300 மில்லிமீற்றர் குவியத்தூரம் பெறவேண்டுமானால் கண்ணாடிக்கும் பிலிமுக்கும் இடையே 300 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். முன்னே குவிவுத் தொகுதியும் பின்னே குழிவுத் தொகுதியும் வைத்தாற் குழலின் நீளத்தைக் குறைத்துவிடலாம். கலிலியோவின் தூரதரிசனக் குழலிலும் குவிவும் குழிவுமே இருந்தன. அவ்வமைப்பைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தி 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமப் பத்திரம் பெற்றவர் தோமஸ் றுடொல்பஸ் டால்மையர். அதே காலத்தில் ஜேர்மனியில் அடொல்ப் மீத்தே என்பாரும் இதே வழியிற் சென்றுகொண்டிருந்தார். டால்மையர் 1899இல் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

பழைய வில்லைகளில் எதனைக் கண்டாலும் 135 மில்லிமீற்றராகவே இருப்பதேன் என்று புதிதாகத் தேடத் தொடங்குவோர் வியப்பதுண்டு. இதற்குக் காரணம் 1930களின் ஜேர்மானியக் கமெராக்கள். லீக்கா, கொன்ராக்ஸ் முதலிய கமெராக்களில் வில்லையூடாகப் பார்க்க முடியாது. பக்கத்திலுள்ள சிறு யன்னலூடாகவே பார்த்துத் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். அம்முறையில் 135 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வில்லையைச் செப்பமாகக் குவியப்படுத்துவது கடினம். 1954இல் வெளிவந்த லீக்கா எம் 3 கமெராவின் பார்வை யன்னலிலும் 50, 90, 135 என்னும் மூன்று சட்டங்களே வரையப்பட்டிருந்தன. பின்னர் ஆடி பொருத்திய கமெராக்கள் வந்து அத்தடை நீங்கியபோதும் 135 என்ற எண் வழக்கில் நிலைத்துவிட்டது. கமெரா வாங்கியவர் இரண்டாவதாக வாங்கும் வில்லை அதுவே என்பது ஓர் எழுதாச் சட்டமாயிற்று. 1980களில் சூம் வில்லைகள் பரவியதும், பல இலட்சம் வீடுகளில் அவை அலுமாரிக்குட் புகுந்தன. இன்று மலிவாகக் கிடைப்பவை அவையே. மலிவுக்குக் காரணம் தரக்குறைவன்று, எண்ணிக்கை மிகுதி.

பழைய வில்லையைப் புதிய கமெராவிற் பொருத்த முடியுமா என்பது அடுத்த வினா. இங்கே இரண்டு அளவுகளை மனத்திற் கொள்ளவேண்டும். ஒன்று பொருத்துவாயின் புரி. டிரெஸ்டன் நகரில் 1949இல் வெளிவந்த கொன்ராக்ஸ் எஸ் கமெராவுடன் பரவிய எம் 42 என்னும் புரி, 42 மில்லிமீற்றர் விட்டமும் புரிக்குப் புரி 1 மில்லிமீற்றர் இடைவெளியும் உடையது. கிழக்கு ஜேர்மனியின் பிரக்திக்கா, யப்பானின் பென்ராக்ஸ், சோவியத் நாட்டின் செனித் ஆகிய யாவும் இதனையே ஏற்றுக்கொண்டன. அரசியலிற் பகைத்து நின்ற நாடுகள் ஒரு திருகாணி விடயத்தில் ஒன்றுபட்டன என்பது வேடிக்கையானதே. இரண்டாவது அளவு, பொருத்துவாயிலிருந்து பிலிம் வரையுள்ள தூரம். எம் 42 கமெராக்களில் அது 45.46 மில்லிமீற்றர். 2008ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஆடியில்லாக் கமெராக்களிற் பெரும்பாலானவற்றில் இத்தூரம் 16 முதல் 20 மில்லிமீற்றர் வரையே. எஞ்சிய இடைவெளியை வெற்றுக் குழல்போன்ற ஓர் இடைவளையத்தால் நிரப்பிவிட்டால், பாட்டன் காலத்து வில்லை பேரனின் கமெராவில் இயங்கத் தொடங்கும். அவ்வளையத்துட் கண்ணாடி எதுவும் இல்லை. ஆதலால் விலையும் சொற்பமே. கனொன் நிறுவனத்தின் ஆடி பொருத்திய கமெராக்களிலும் அத்தூரம் 44 மில்லிமீற்றரே ஆகையால் மெல்லிய வளையம் போதும். நிக்கொன் ஆடிக் கமெராவிலோ அது 46.5 மில்லிமீற்றர், வில்லை வேண்டியதைவிடத் தள்ளி நிற்பதால் தொலைவிலுள்ள பொருள் தெளிவடையாது. பழைய நிக்கொன் வைத்திருப்போர் இதை அறியாது பணம் செலவிடலாகாது.

இன்னுமோர் எச்சரிக்கை. யப்பானியத் தம்ரோன் நிறுவனம் 1957இல் புகுத்திய ரீ என்னும் பொருத்துவாயும் 42 மில்லிமீற்றர் விட்டமுடையதே. ஆனால் அதன் புரி இடைவெளி 0.75 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதற் சுற்று ஏறும், அதன்பின் இறுகும். இறுகியதை வலிந்து திருகினால் இரண்டு புரிகளும் அழியும்.

இனி வில்லைகளின் கதைக்கு வருவோம். இவற்றைச் சேர்ப்பதில் உள்ள சுவையிற் பாதி, கையில் எடுக்கும் உலோகக் குழலுக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருப்பதே.

ஜேர்மனியின் யேனா நகரில் இருந்த கார்ல் சைஸ் நிறுவனம் கண்ணாடி வேலையில் உலகின் முன்னணியில் நின்றது. சைஸ் குடும்பத்துக் கமெராக்களுக்காக லுட்விக் பேர்ட்டலே என்னும் வில்லையியலாளர் 1930களின் தொடக்கத்தில் வகுத்தது சொனார் என்னும் அமைப்பு. பெயர் ஜேர்மன் மொழியிற் சூரியனைக் குறிக்கும் சொல்லையொட்டியது. அக்காலத்தில் கண்ணாடிக்கு மேற்பூச்சு இல்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி தெறித்து வீணாகும். வீணாவது மட்டுமன்றி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பேர்ட்டலே பல கண்ணாடிகளை ஒட்டிச் சேர்த்து, காற்றைத் தொடும் பரப்புகளைக் குறைத்தார். 135 மில்லிமீற்றர் சொனாரில் நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாய் நிற்கின்றன, ஆறு பரப்புகள். பூச்சு இல்லாதபோதும் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு ஒளி கடந்துவிடும். 1935இல் அதே நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா மேற்பூச்சு முறைக்கு உரிமம் பெற்றபின் அவ்விழப்பும் குறையலாயிற்று. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட 180 மில்லிமீற்றர் சொனார், ஒலிம்பியா சொனார் என்றே இன்றும் பெயர் வழங்குகின்றது. அது மலிவான பொருளன்று. கண்டால் வணங்கிவிட்டு அப்பாற் செல்லவேண்டியதுதான்.

1945 ஏப்பிரிலில் அமெரிக்கப் படைகள் யேனாவுட் புகுந்தன. நேச நாடுகளின் உடன்படிக்கைப்படி அந்நகர் சோவியத் பகுதிக்கு உரியது. ஆகவே கோடையில் அதனை விட்டு நீங்கிய அமெரிக்கர், சைஸ் நிறுவனத்தின் தலைவர்களும் நிபுணர்களுமாகப் பலரைத் தம்முடன் கொண்டுசென்றனர். அவர்களே பின்னர் தென்ஜேர்மனியின் ஒபர்கொகன் என்னும் சிற்றூரில் இன்னொரு சைஸ் நிறுவனத்தை எழுப்பினர். யேனாவுக்கு வந்த சோவியத் அதிகாரிகளோ தொழிலகத்தின் இயந்திரங்களிற் பெரும்பகுதியைக் கழற்றி எடுத்துச் சென்றனர். 1946இல் நிபுணர் பலரையும் குடும்பத்தோடு இரயிலேற்றிக் கொண்டுபோயினர். அவர்கள் ஊர் திரும்பப் பல ஆண்டுகள் சென்றன. மொஸ்கோவுக்கு அணித்தான கிறஸ்னகோர்ஸ்க் ஆலையில் சொனார் வில்லைகள் சோவியத் மண்ணிற் பிறந்தன. முதலில் கிறஸ்னகோர்ஸ்க் சொனார் என்னும் பொருள்பட இரண்டெழுத்தால் அவற்றைக் குறித்தனர். பின்னர் யூப்பிற்றர் என மாற்றினர். சூரியன் வியாழனாயிற்று என்று நாம் நகைத்துக்கொள்ளலாம்.

135 மில்லிமீற்றர் சொனாரின் சோவியத் வாரிசு யூப்பிற்றர் 11. அதே நான்கு கண்ணாடிகள், அதே மூன்று தொகுதிகள், அதே 4 என்னும் துவார எண். வெள்ளிபோல் மின்னும் அலுமினியக் குழலில் வந்த பழைய வகை கைக்கு மிக இனியது. கிறஸ்னகோர்ஸ்க்கிலும் பின்னர் கசான் நகரிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. சோவியத் வில்லைகள் பலவற்றின் தொடரிலக்கத்தில் முதலிரு இலக்கங்கள் செய்த ஆண்டைக் குறிப்பன. 68 என்று தொடங்கினால் 1968இற் பிறந்தது என அறியலாம். ஜாதகம் பார்ப்பதைவிட இது எளிது, நிச்சயமானதும்கூட.

இனி யேனாவில் எஞ்சியோர் என் செய்தனர்? வெறுமையான கட்டடங்களில் மீண்டும் தொடங்கினர். 135 மில்லிமீற்றர் சொனாரைத் திருத்தி, துவார எண்ணை 3.5 ஆக்கி, ஒரு மீற்றர் வரை நெருங்கிப் படமெடுக்கத்தக்கதாகச் செய்தனர். அக்காலத்து 135 மில்லிமீற்றர் வில்லைகளிற் பல ஒன்றரை மீற்றருக்குள் நெருங்க மாட்டா. செவ்வரத்தம்பூ ஒன்றைப் படமெடுக்க முனைவோர்க்கு அவ்வரை மீற்றர் பெரிதே. ஆனால் பெயர் அவர்களுடையதாயிருக்கவில்லை. சைஸ் என்ற பெயர் யாருக்குரியது என்று இரு ஜேர்மனிகளின் நிறுவனங்களும் நீதிமன்றங்களில் நீண்டகாலம் வழக்காடின. மேற்கு நாடுகள் சிலவற்றுக்கு அனுப்பும் வில்லைகளில் சைஸ் என்றோ சொனார் என்றோ பொறிக்க முடியாத நிலை யேனாவுக்கு வந்தது. ஆகவே யேனாவிலிருந்து என்னும் பொருளுள்ள இரு சொற்களும், சொனாருக்குப் பதிலாக எஸ் என்னும் ஒற்றை எழுத்தும் பொறித்து அனுப்பினர். சொந்த ஊரில் இருந்துகொண்டே பெயரை இழந்தவர்களின் கைவேலை அது. இவ்வாறு பெயரிழந்த வில்லைகளைச் சில வியாபாரிகள் போலி என்று எண்ணிக் குறைத்து விற்பர். அவை முழுப்பெயர் தாங்கியவற்றின் உடன்பிறப்புகளே.

பெயர் பெறாத இன்னோர் ஊர், கிழக்கு ஜேர்மனியின் எல்லையிலுள்ள கேர்லிட்ஸ். அங்கிருந்த மையர் நிறுவனம் சைஸின் நிழலில் வாழ்ந்தது. அதன் ஓரெஸ்டோர் என்னும் 135 மில்லிமீற்றர் வில்லை 2.8 துவார எண்ணுடையது. துவாரத்தைச் சுருக்கும் தகடுகள் பதினைந்து. தகடுகள் பல இருப்பதால் துவாரம் எவ்வளவு சுருங்கினும் ஏறக்குறைய வட்டமாகவே நிற்கும். ஆகவே முகத்துக்குப் பின்னாலுள்ள இலைகளும் விளக்குகளும் மென்மையான வட்டங்களாகக் கரையும். 1968இல் மையர் நிறுவனம் பென்ரக்கோன் என்னும் அரச நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அதன்பின் அதே வில்லை அப்பெயரில் வந்தது. பிற்கால வகையில் தகடுகள் ஆறாகக் குறைக்கப்பட்டன. வாங்குவோர் துவாரத்தைச் சுருக்கி எண்ணிப் பார்த்தே வாங்குக. தகடுகளில் மிஞ்சியது சோவியத் நாட்டின் தாயிர் 11, அதில் இருபது. அதன் நிறையோ கழுத்துக்குத் தெரியும்.

யப்பானிய வில்லைகளிலே தாக்குமார் என்பன தனித்துச் சொல்லத்தக்கவை. பென்ராக்ஸ் கமெராவைச் செய்த அசாகி நிறுவனத்தின் வில்லைகள் இவை. நிறுவனத்தைத் தொடக்கியவரின் சகோதரரும், அமெரிக்காவிற் குடியேறி ஓவியராகவும் புகைப்படக் கலைஞராகவும் விளங்கியவருமான தக்குமா கஜிவராவின் பெயரே வில்லைக்குச் சூட்டப்பட்டது. குவிய வளையத்தைத் திருப்பினால் வெண்ணெயில் விரல் செல்வதுபோல் நழுவும். ஐம்பது ஆண்டு கழிந்தும் அவ்வழுவழுப்புக் குன்றாத பிரதிகள் மிகப்பல. மற்றொருபுறம் விவிற்றார் என்பது பெயர்மட்டும் அமெரிக்கருடையது. செய்தவர் பல்வேறு யப்பானிய ஆலையினர். தொடரிலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் ஆலையைக் காட்டும்: 22 கினோ, 28 கொமினே, 37 தொக்கினா. ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு வில்லைகள் முற்றும் வேறான தரத்தன ஆவதற்கு இதுவே காரணம்.

வில்லைகளைப் பற்றிச் செவிவழி வரும் புகழுரைகளுக்கு அளவில்லை. ஒருவர் ஓரெஸ்டோரைப் போல் உலகில் இல்லையென்பார். இன்னொருவர் சோவியத் கண்ணாடிக்கு ஓர் ஆன்மா உண்டென்பார். இவ்வுரைகள் பெருகப் பெருக விலையும் ஏறுகின்றது. கைப்பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவன் யாரை நம்புவது? தன் கண்ணையே நம்பவேண்டும். அதற்குப் பரிசோதனை செய்யத் தெரிந்திருக்கவேண்டும். அது வீட்டு விறாந்தையிலேயே செய்யக்கூடியது.

மேல்நாட்டார் இதற்கென அச்சிட்ட கோட்டுப் படங்களை வாங்குவர். தமிழ்ப் பத்திரிகைத் தாளைவிடச் சிறந்த சோதனைப் படம் வேண்டுமோ? மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி அச்சிலே மூன்றிலொரு மில்லிமீற்றர் அளவினது. தாள்களைச் சுவரிற் சுருக்கமின்றி ஒட்டி, நான்கு மீற்றர் தள்ளிக் கமெராவை முக்காலியில் நிறுத்துக. 135 மில்லிமீற்றர் வில்லை அத்தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமும் எழுபது சதமமீற்றர் உயரமுமான சுவரைப் பிடிக்கும். அப்பரப்பின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து இருக்கவேண்டும். கமெரா சுவருக்கு நேராக நிற்கின்றதா என நூல் பிடித்துப் பார்த்துக்கொள்க. விரலால் அமுக்கினாற் கமெரா நடுங்கும். ஆகவே தாமதித்து இயங்கும் பொறியைப் பயன்படுத்துக. துவாரத்தை முழுதாகத் திறந்து ஒன்று, பின்னர் 5.6இல் ஒன்று, 8இல் ஒன்று என எடுத்து, அடுத்த வில்லைக்கு மாறும்போது மீண்டும் புதிதாகக் குவியப்படுத்துக. படத்தைப் பெருப்பித்துப் பார்க்கையில், புள்ளி புள்ளியாக நிற்கின்றதா, எழுத்தோடு கரைந்து க் என்பது க ஆகிவிட்டதா என்று நோக்கவேண்டியதே வேலை. ண, ன என்பவற்றின் சுழிகளை எண்ண முடிந்தால் வில்லை நல்ல வில்லை. ஒரு மூலைமட்டும் மங்கி மற்றவை தெளிந்திருந்தால், கண்ணாடிகளில் ஒன்று நடுவச்சிலிருந்து விலகியிருக்கின்றது என அறிக. எப்போதோ கீழே விழுந்த வில்லையாயிருக்கலாம்.

சுவர்ச் சோதனை முழு உண்மையைச் சொல்லாது. நண்பகலில் வெளிறிய வானத்துக்கு எதிரே பனையோலையைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும். கறுத்த ஓலையின் விளிம்பில் ஊதாநிறக் கீற்று ஓடினால் அது நிறப்பிறழ்ச்சி. மாலையிற் சூரியனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு முகத்தை எடுத்தால், உள்ளே அலையும் ஒளி எவ்வளவு என்பது வெளிப்படும். சூரியனை நேரே நோக்கி வில்லையைப் பிடித்துக் கண்ணை வைக்கலாகாது என்பதைச் சிறுவர்க்கு வற்புறுத்திச் சொல்லவேண்டும். நீண்ட வில்லை தீமூட்டும் கண்ணாடியே.

நாமும் அன்பர் சிலரும் யேனாவின் சொனார், யூப்பிற்றர் 11, ஓரெஸ்டோர், தாக்குமார் ஆகிய நான்கையும் ஒரே நாளில், ஒரே கமெராவில், ஒரே சுவருக்கு முன் வைத்துப் பார்த்தோம். துவாரம் முழுதாகத் திறந்திருக்கையில் சொனாரில் மெய்ப்புள்ளிகள் மூலைவரை நின்றன. தாக்குமார் நடுவில் அதனோடு சமமாக நின்று மூலையிற் சற்றே தளர்ந்தது. ஓலை விளிம்பில் ஊதாநிறம் காட்டியது. ஓரெஸ்டோர் 2.8இல் புள்ளிகளை மெல்லிய மூடுபனிக்குள் வைத்தது. ஆனால் வேப்பமரத்தின் முன் அமர்ந்த ஒருவரின் முகத்தை எடுத்தபோது அதன் படத்தையே யாவரும் முதலில் எடுத்து நோக்கினர். யூப்பிற்றர் எழுத்தைக் காட்டியது, கருமையைக் காட்டவில்லை. மாலைச் சூரியன் பட்டதும் படம் வெளிறியது. கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி வில்லையின் முன் ஒளிமறைப்புக் குழலாக மாட்டியபின் அது தலைநிமிர்ந்தது. செலவு ஒன்றுமில்லை.

8ஆம் துவாரத்திற் பெற்ற நான்கு படங்களையும் பெயர் மறைத்துக் கலந்து வைத்தபோது, எது எதுவென்று எம்மில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விலையில் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வேறுபாடுள்ள வில்லைகள் அவை. கோபுரச் சிற்பத்தை நல்ல வெயிலில் எடுக்க விரும்புவோர் பெயருக்காகப் பணம் கொடுக்க நியாயமில்லை என்பது எமது துணிபு. மாலை வெளிச்சத்தில் முகங்களை எடுப்போர்க்கே வேறுபாடு பொருட்டாகும். ஒரே பெயருள்ள இரு வில்லைகளும் ஒன்றாயிரா என்பதையும் சொல்லவேண்டும். ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றும் பட்ட பாடு வேறு.

பறவைகளுக்கு 135 போதாது. குளத்தின் நடுவே நிற்கும் நாரையை அது நெல்மணியளவாகவே காட்டும். 300, 400 வேண்டும். அங்கே மலிவும் குறையும், பாரமும் கூடும். சோவியத் நாட்டின் தாயிர் 3 என்னும் 300 மில்லிமீற்றர் வில்லையைத் துப்பாக்கிக் கட்டை போன்ற பிடியிற் பொருத்தி, விசையை இழுத்தால் படமெடுக்கும் கருவியாக விற்றனர். செனித் கமெராவுடன் இரும்புப் பெட்டியில் வைத்து விற்கப்பட்ட அக்கருவியின் முன்னோடி இரண்டாம் உலகப் போரில் உளவுக்கெனச் செய்யப்பட்டது. கைநடுக்கத்தைத் தடுக்க அது மிக நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதைத் தோளில் அணைத்துக் குறிபார்த்தபடி எமது வீதிகளில் நிற்பதை, 1983 முதல் 2009 வரையான காலத்தை அறிந்த எவரும் எண்ணிப் பார்க்கவும் துணியார். இன்றும் பிடியைக் கழற்றிவிட்டு முக்காலியில் வைப்பதே நன்று.

ஆடி வில்லைகளும் உண்டு. லெனின்கிராட்டிலிருந்து 1941இல் இடம்பெயர்ந்து செல்லும் வழியில் டிமித்திரி மக்சுத்தோவ் எண்ணத்தில் உதித்த தூரதரிசன அமைப்பே இவற்றுக்கு மூலம். ஒளியை ஆடிகளால் முன்னும் பின்னும் மடித்து அனுப்புவதால், 500 மில்லிமீற்றர் வில்லையும் பால்மாப் பேணியளவில் அடங்கிவிடும். துவாரத்தைச் சுருக்க முடியாது, 8இலேயே நிற்கும். பின்புலத்து ஒளிப்புள்ளிகள் உழுந்து வடைபோல நடுவில் ஓட்டையுடன் விழும். சிலர்க்கு அது அழகு. எமக்கு ஓரிரு படங்களுக்குமேல் அலுத்துவிட்டது.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை சில நிமிட வேலையே. மின்சூழ் விளக்கை வில்லையின் பின்னால் பிடித்து முன்னாற் சாய்வாகப் பார்க்க. தூசு இருப்பது குற்றமன்று. முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறலும் பெரிதாகப் பாதியாது. சிலந்தி வலைபோலக் கிளைவிட்ட வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். பால்படிந்ததுபோல் மங்கல் தெரிந்தால் படம் வெளிறும். துவாரத் தகடுகளில் எண்ணெய் மினுங்கினால் அவை சோம்பி இயங்கும். பழைய வில்லைகள் சிலவற்றில் துவார வளையங்கள் இரண்டு இருப்பது பழுதன்று. ஒன்று எல்லையை நிறுத்தவும் மற்றது திறந்து மூடவும் அமைந்தவை.

எமது நாட்டில் வில்லைக்குப் பெரும்பகைவன் பூஞ்சணமே. குளிர்நாடுகளில் அறுபது ஆண்டு பழுதின்றி இருந்த வில்லை, இங்கே இரண்டு மாரிகாலத்துள் கெட்டுவிடக்கூடும். அது கண்ணாடியின் பூச்சைத் தின்று, ஈற்றிற் கண்ணாடியிலேயே வடுவை விட்டுச் செல்லும். தொடக்கத்திற் கண்டால், வில்லையைக் கழற்றத் தெரிந்தவர் துடைத்தெடுத்துவிடுவார். வடு விழுந்தபின் மருந்தில்லை. வெளிநாட்டிலிருந்த மாமனோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த கமெராக்கள் எத்தனை வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டில், அழகிய தோலுறைக்குள், துணிகளோடு துணியாகக் கிடக்கின்றன! அத்தோலுறைதான் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்துக்குத் தொட்டிலாகின்றது. வில்லையை உறையிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். இறுக மூடும் பிளாத்திக்குப் பெட்டியொன்றில், ஈரமுறிஞ்சும் சிலிக்காக் கூழ்மணிப் பொட்டலங்களோடு வைக்கவேண்டும். நிறம் மாறும் மணிகளாயின் நன்று. நிறம் மாறியதும் சட்டியில் இளஞ்சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். பெட்டிக்குள் ஈரப்பதன் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருப்பது உத்தமம். அதை அளக்கும் சிறு மானிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதனினும் வறண்டால் பழைய மசகு காய்ந்துபோகும். பூஞ்சணம் பிடித்த வில்லையை ஏனையவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வில்லையின் குவிய வளையத்தையும் துவார வளையத்தையும் ஓரம் முதல் ஓரம் வரை நாலைந்து முறை திருப்பி, விளக்கைப் பிடித்துப் பார்த்து வைக்கவேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை, மழை விடாத கிழமைகளில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.